முப்பதாவது வினாடி

தை மாதக் குளிரில் சாந்தகுமாரிக்கு இடது காது காலையிலேயே வலிக்க ஆரம்பித்துவிடும். லிங்கராஜபுரம் மேம்பாலத்துக்குக் கீழே பஸ்ஸுக்கு நிற்கும்போதே ஸ்கார்ப்பை எடுத்து இரண்டு காதையும் சேர்த்துக் கட்டிக்கொள்வாள். பால் பூத் மரகதம் அதைப் பார்த்துவிட்டு, "கால் சென்டர் வேலன்னா காதுதான் போவும்" என்று ஒருநாள் சொன்னாள். கால் சென்டர் இல்லை என்று விளக்கப் போனால் இரண்டு பஸ் போய்விடும். ஆமாம் என்று சொல்லிவிட்டாள்.

உண்மையில் அவள் செய்த வேலைக்கு எங்கள் தெருவில் பெயர் கிடையாது. பானசவாடியில் ஒரு கம்பெனி கம்ப்யூட்டரில் எழுதும் இங்கிலீஷ் பரீட்சை ஒன்றைத் தயார் செய்துகொண்டிருந்தது. வேலைக்கோ படிப்புக்கோ வெளிநாடு போகிறவர்களுக்கான பரீட்சை. திரையில் கேள்வி வரும், மைக்கில் நாற்பத்தைந்து வினாடி பேச வேண்டும். மார்க் போடப்போவது மிஷின். ஆனால் எது நல்ல இங்கிலீஷ், எது சுமார் என்று மிஷினுக்கு யாராவது முதலில் காட்டிக்கொடுக்க வேண்டுமே. அதற்காக முப்பது பேரை வரிசையாக உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சோதனைக்காகப் பதிவு செய்த குரல்களைக் கேட்கவைத்து மார்க் போடச் சொன்னார்கள். பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை. மிஷின் பழகும்வரை இவர்கள் போடுவதுதான் மார்க். அந்த முப்பது பேரில் சாந்தகுமாரியும் ஒருத்தி. பதினெட்டு வருஷம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சராக இருந்தவள். கொரோனாவுக்குப் பிறகு பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள்.

"பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தது போயி இப்ப மிஷினுக்குச் சொல்லிக் குடுக்கறேன்" என்று முதல் வாரம் வீட்டில் சொன்னாள்.

"மிஷினு ஹோம்வொர்க் செஞ்சினு வருதா?" என்று கேட்டான் அவள் புருஷன் க்ளென். அவன் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன். ஹோம்வொர்க் செய்யாமல் வேனிலேயே அழும் பிள்ளைகளைத் தினமும் பார்ப்பவன்.

நாளுக்கு நானூறு குரல். அது கணக்கு. ஒரு குரலை முப்பது வினாடி கேட்டுவிட்டால் மார்க் போடும் பட்டன் திறந்துகொள்ளும். மீதி பதினைந்து வினாடி கேட்பது அவரவர் மனசாட்சி. நானூறு முடிக்க வேண்டும் என்றால் மனசாட்சியை ஓரமாக வைக்க வேண்டும். முப்பதில் வெட்டாதவர் அந்த ஆபீசில் ஒருவரும் இல்லை. ஒவ்வொரு குரலையும் இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்பார்கள். இருவர் மார்க்கும் ஒன்றாக இருந்தால் அதோடு முடிந்தது.

'எம்' என்று ஒரு பட்டன் தனியாக உண்டு. மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறவர்களுக்கு அது. எம் போட்டால் பூஜ்யம்.

அந்தப் புதன்கிழமை எம் ஜாஸ்தி வந்தது. 'மறக்க முடியாத ஒரு பயணம்' என்பது கேள்வி. ஏதோ ஒரு கோச்சிங் சென்டரில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது, மத்தியானத்துக்குள் ஐந்து பேர் நந்தி ஹில்ஸ் போய்வந்துவிட்டார்கள். ஐந்து பேருக்கும் அங்கே சூரியன் தங்கத் தட்டைப் போல எழுந்தது. ஐந்து பேரும் இயற்கையே சிறந்த ஆசான் என்று உணர்ந்தார்கள். சாந்தகுமாரிக்கு முதல் தட்டுக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாவதுக்கு எரிச்சல்.

சாயங்காலம் ஐந்தரைக்கு முந்நூற்று எழுபத்தொன்றாவது குரல். ஒரு பெண். மூக்கால் பேசினாள். 'ர' எல்லாம் நாக்கைச் சுருட்டிக்கொண்டு எங்கேயோ வெளிநாட்டிலிருந்து வந்தன. எந்த ஊர்க்காரி என்று கண்டுபிடிக்க முடியாதபடி அப்படி ஒரு மெருகு. நந்தி ஹில்ஸ். விடியற்காலைக் குளிர். தங்கத் தட்டு.

"ஆறு" என்று வாய்விட்டே சொன்னாள் சாந்தகுமாரி. காது விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது. முப்பதாவது வினாடியில் பட்டன் திறந்தது. எம்மை அழுத்திவிட்டு அடுத்த குரலுக்குப் போனாள்.

வீட்டுக்கு வந்து சேரும்போது ஏழு மணி. முன்னறையில் பேப்பர் விரித்து, நடுவில் பெரிய அலுமினியச் சட்டி. மூன்று கிலோ அவரைக்காயை உரித்து, கொட்டையைக் காலையிலேயே ஊறப்போட்டிருந்தாள். இப்போது ஒவ்வொன்றாக விரலால் பிதுக்கித் தோலை நீக்க வேண்டும். சீசனில் நாலு தடவையாவது பிதுக்கம்பருப்புக் குழம்பு வைக்காவிட்டால் க்ளெனுக்கு வருஷம் வந்த மாதிரியே இருக்காது. அவனும் மகள் ரூபினியும் ஏற்கெனவே உட்கார்ந்து பிதுக்கிக்கொண்டிருந்தார்கள். ரூபினிக்கு அன்று வார லீவு. ஒரு நர்ஸிங் ஹோமில் மூன்று வருஷமாக நைட் டியூட்டி. ஒரு வார்டுக்கு ஒரே நர்ஸ். இருபத்தைந்து வயதுக்குக் கண்ணுக்குக் கீழே நாற்பது வயசுக் கருப்பு. அயர்லாந்து போவதற்காக வேறொரு இங்கிலீஷ் பரீட்சையை இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் பேச்சில் விழுந்தவள். கூடப் படித்த சோனியா போய் ஒரு வருஷம் ஆகிறது.

சாந்தகுமாரி ஸ்கார்ப்பை அவிழ்த்துவிட்டுக் கீழே உட்கார்ந்தாள்.

"காதுல எண்ணெ விடட்டா மம்மி?"

"எண்ணெ விடக்கூடாதுன்னு நீதானடி சொன்னே, நர்ஸு."

"சூடா ஒத்தடமாவது குடுக்கறேன், இரு. இது ஆவட்டும்."

"இன்னாடி இன்னைக்கி ஒரே குஷியா கீறே?" என்றான் க்ளென். "காலைலேந்து பாத்தினே இருக்கேன். பாட்டு வேற."

ரூபினி ஒரு கொட்டையைப் பிதுக்கினாள். பருப்பு தெறித்து சோபாவுக்கு அடியில் ஓடியது. "டாடி, ஒரு விஷயம் சொன்னா மம்மி திட்டக்கூடாது."

"அவ திட்டலன்னாதான் டாக்டர கூப்புடணும். சொல்லு."

"போன மாசம் நர்ஸுங்கள வெளிநாட்டுக்கு அனுப்பற ஏஜென்சில எங்க நாப்பது பேர கூட்டினு போனாங்கோ. எம்.ஜி. ரோடு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் லேபு. புது டெஸ்டாம், ட்ரையலு. அதுல பேச்சுக்கு நாலு வந்துச்சுன்னா அயர்லாந்து ஆஸ்பத்திரில நேரா இன்டர்வியூ. பழைய டெஸ்ட்ட திரும்ப எழுத வேணாம்."

"எந்த டெஸ்டு?" என்றாள் சாந்தகுமாரி.

"உங்க டெஸ்டுதான் மம்மி."

சாந்தகுமாரி நிமிர்ந்து பார்த்தாள். "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ போவ விடமாட்டே. ஃபார்ம்ல சொந்தக்காரங்க யாராவது இந்தக் கம்பெனில வேல செய்றாங்களான்னு ஒரு கட்டம் இருந்துச்சு. ஆமான்னு போட்டா வெளிய அனுப்பிடுவாங்கோன்னாங்க. இல்லன்னு போட்டுட்டேன்."

"பொய்யா போட்டே?"

"ஒரு டிக்குதான மம்மி. மார்க்கு போடறது மிஷினுன்னாங்கோ. நீ இன்னா என் பேப்பர திருத்தவா போறே? ஆயிரம் பேரு குரல்ல என்னுது எங்கயோ."

"அது சரி, எப்பிடி பேசினே?" என்று க்ளென் குறுக்கே வந்தான். அவனுக்கு டிக்கைப் பற்றிக் கவலை இல்லை.

"சூப்பரா! ஒரு எடத்துல நிக்கல. கம்மனஹள்ளில ஒரு சாரு ஒரு மாசம் டிரெயின் பண்ணாரு. ஆக்ஸன்ட்டு, இங்கிலீஷ்காரி தோத்தா."

"எங்க, சொல்லு பாப்போம்."

ரூபினி கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். வாய் சிறுத்தது, முகமே வேறாக மாறியது. பிறகு அந்தக் குரல் வந்தது. மூக்கால் வந்தது. 'ர' சுருண்டு வந்தது. நந்தி ஹில்ஸ், விடியற்காலைக் குளிர், தங்கத் தட்டு.

க்ளென் கை தட்டினான். சாந்தகுமாரியின் விரலுக்கிடையில் இருந்த கொட்டை அப்படியே இருந்தது.

வகுப்பில் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கும்போதே பின்னால் இருமியது எந்தப் பிள்ளை என்று சொல்லக்கூடியவள் அவள். அதில் அவளுக்குக் கர்வம் உண்டு. பெற்ற மகளின் குரல் தெரியவில்லை. முப்பது வினாடி காதுக்குள்ளேயே பேசியிருக்கிறாள், தெரியவில்லை. ஐந்து பேரில் ஒருத்தியாக இருக்கலாம், ஆறாவதாகத்தான் இருக்க வேண்டுமா என்று நினைத்துப் பார்த்தாள். அந்த மெருகு ஆறாவதுக்குத்தான் இருந்தது.

"எப்பிடி மம்மி? நாலு வருமா?"

"நல்லா பேசறடி" என்றாள். வேறு என்ன சொல்வாள்?

"மம்மி சொல்லிட்டாங்கோ! டீச்சரே சொல்லிட்டாங்கோ!" என்று ரூபினி சட்டியைத் தட்டினாள்.

மறுநாள் ஆபீசில் ஹெட்போனைத் தொடுவதற்கு முன்பு நிருபமாவின் மேஜைக்குப் போனாள். நிருபமா அவர்களுக்கெல்லாம் மேலே இருந்தவள், முப்பது வயது, மல்லேஸ்வரத்துப் பெண். தாத்தா காலத்திலேயே மைசூர் சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்த தமிழ்க் குடும்பம். வயதில் பெரியவர்களிடம் மரியாதை தவறாதவள்.

"மேடம், நேத்து எனக்குக் காது ரொம்ப வலி. சரியா கேக்கல. நேத்து போட்ட மார்க்கெல்லாம் எடுத்துட்டு வேற யாருக்காவது குடுத்துடறீங்களா?"

"நானூறுமா? என்ன சாந்தா மேடம்!" நிருபமா திரையைத் திருப்பிப் பார்த்தாள். "இருங்கோ. உங்களுக்குத் தெரியாம நடுநடுவுல, மார்க் ஏற்கெனவே முடிவான செக் கிளிப் போடறோமில்லையா, நேத்து இருபதுக்கு இருபதும் கரெக்டா போட்டிருக்கேள். உங்ககூட ஜோடியா கேட்டவாளோடயும் நன்னா ஒத்துப்போறது. ஃப்ளோர்லயே நேத்து நீங்கதான் பெஸ்ட்."

"இல்ல மேடம், சாயங்காலத்துக்கு மேல…"

"எந்த கிளிப்புன்னு சொல்லுங்கோ. ஒண்ணு ரெண்டுன்னா எடுக்கலாம். காரணம் எழுதணும், அவ்ளோதான்."

காரணம். என் மகள் என்று எழுதலாம். எழுதினால் அந்த டிக் வெளியே வரும். ஃபார்மில் பொய் சொன்னவளுக்கு இந்தப் பரீட்சையில் இனி இடம் கிடையாது. எழுதாவிட்டால் எம் நிற்கும்.

"நான் எம் போட்ட ஒண்ணுக்கு ஜோடியா கேட்டவங்களும் எம் போட்டிருந்தா?" என்று கேட்டாள் சாந்தகுமாரி.

"ரெண்டு பேரும் எம்னா அது எம் தானே மேடம். அதுல என்ன சந்தேகம்?" நிருபமா அவளை உற்றுப் பார்த்தாள். "ஏதாவது ஸ்பெசிஃபிக்கா இருக்கா?"

"ஒண்ணுமில்ல மேடம். வலில ஏதோ நெனச்சுட்டேன்."

"பேஜார் பண்ணிக்காதேங்கோ. ஈ.என்.டி. கிட்ட காமிங்கோ."

பதினாறு நாள் கழித்து ஏஜென்சியிலிருந்து ரூபினிக்கு மெசேஜ் வந்தது. தகுதி பெறவில்லை. காரணம் எதுவும் இல்லை. அந்த ஞாயிறு பிதுக்கம்பருப்புக் குழம்பு வைத்தார்கள், மூன்று பேரும் சாப்பிட்டார்கள், யாரும் நல்லா இருக்கு என்று சொல்லவில்லை. க்ளென் வெளியே போய் ஏற்கெனவே கழுவிய வேனை மறுபடி கழுவினான். ரூபினி ரொம்ப அழக்கூட இல்லை. அழுதிருந்தால் தேவலை.

"மனுசன் கேட்டிருந்தா நாலு போட்டிருப்பான் மம்மி" என்றாள், தட்டைக் கழுவிக்கொண்டே. "மிஷினுக்கு இன்னா தெரியும்? கஷ்டப்பட்டு பேசறாங்களா சும்மனே பேசறாங்களான்னு அதுக்கு எங்க தெரியப்போவுது?"

நான்தான் போட்டேன் என்பது சாந்தகுமாரிக்கு வாய் வரைக்கும் வந்தது. சொல்லிவிட்டால் பாரம் தனக்குக் குறையும், அவளுக்கு ஏறும் என்று பட்டது. அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். பயமும்தான். ரூபினி ஏழு மணிக்கு டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு டியூட்டிக்குக் கிளம்பிப் போனாள்.

அந்த ஆபீசில் ஒவ்வொரு நாளும் வேலை 'பத்து' என்கிற ஒன்றோடு தொடங்கும். மார்க் போடுகிறவர்களுக்கே காலையில் ஒரு சின்னப் பரீட்சை. மேலே இருப்பவர்களின் குழு ஒன்று ஏற்கெனவே முழுசாகக் கேட்டு மார்க் முடிவு செய்த பத்துக் குரல்கள். அதே மார்க்கை நாமும் போட வேண்டும். ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கலாம், ஆனால் எம் தப்பக் கூடாது. தப்பினால் அன்றைக்கு வேலை கிடையாது, வீட்டுக்குப் போகலாம். மூன்று நாள் தப்பினால் வரவே வேண்டாம். பத்தில் மட்டும் முப்பதில் வெட்ட முடியாது, குரல் முடிந்த பிறகுதான் பட்டன் திறக்கும். மாதத்துக்கு ஒருமுறை பத்துக் குரலையும் மாற்றுவார்கள். ஜோடியாகக் கேட்ட இருவரும் ஒரே மார்க் போட்ட குரல்களிலிருந்து நல்ல உதாரணமாகப் பொறுக்கி எடுப்பார்கள்.

அடுத்த மாத முதல் திங்கட்கிழமை புதுப் பத்து வந்தது. முதல் குரல் மூன்று. இரண்டாவது நாலு. மூன்றாவது நந்தி ஹில்ஸ்.

இந்தத் தடவை முதல் சொல்லிலேயே தெரிந்துவிட்டது. மூக்குக்கும் சுருளுக்கும் அடியில் மகள் இருந்தாள். எப்படித் தெரியாமல் போயிற்று என்றுதான் இப்போது தெரியவில்லை. தங்கத் தட்டு எழுந்தது. இயற்கையே சிறந்த ஆசான். முப்பத்தோராவது வினாடியில் மனப்பாடம் செய்தது தீர்ந்துபோய்விட்டது. வேகமாகப் பேசிவிட்டாள், பாவி. மூன்று வினாடி ஒன்றுமில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

பிறகு ரூபினி பேசினாள். சொந்தக் குரலில், லிங்கராஜபுரத்து இங்கிலீஷில், தடுக்கினாலும் நிறுத்தாமல் அவசரமாகப் பேசினாள். சாரி என்றாள். நிஜத்தில் நான் நந்தி ஹில்ஸ் போனதே இல்லை என்றாள். பக்கத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு லீவுக்கும் மம்மி கூட்டிக்கொண்டு போகிறேன் என்பாள், லீவில் அவள் ட்யூஷன் எடுக்கப் போய்விடுவாள். பரவாயில்லை. இப்போது மம்மிக்குக் காது வலி, வந்ததும் படுத்துவிடுகிறாள். ஒருநாள் நான் அவளைக்…

நாற்பத்தைந்து வினாடி முடிந்தது. பட்டன் திறந்தது.

சாந்தகுமாரி ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து சீட் அர்ஜுனன், "இன்னாக்கா, மறுபடியும் காதா?" என்று கேட்டான். இல்லை என்று தலையை ஆட்டினாள். என்ன போட வேண்டும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். பத்தில் வருகிற நந்தி ஹில்ஸுக்கு எம் என்று நேற்றுச் சேர்ந்தவனுக்குக்கூடத் தெரியும். மூன்று போட்டாள்.

திரை சிவந்தது. கீழே குழுவின் குறிப்பு வந்தது: 'மனப்பாடம். கடைசிப் பகுதி சொந்தப் பேச்சு, ஆனால் மதிப்பிடப் போதுமான நீளம் இல்லை. எம்.' இன்று உங்களுக்கு வேலை இல்லை என்று அதற்கும் கீழே.

பத்தரை மணிக்கே வீட்டுக் கதவைத் தட்டினாள். நைட் டியூட்டி முடித்து வந்திருந்த ரூபினி, யூனிஃபார்ம்கூட மாற்றாமல் டீயில் வர்க்கி பிஸ்கட்டை நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னா மம்மி இந்நேரத்துல? ஒடம்பு சரியில்லியா?"

சாந்தகுமாரி செருப்பைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். "நந்தி ஹில்ஸுக்கு உன்ன ஒருவாட்டி கூட கூட்டினு போவலியேடி நானு."

ரூபினி சிரித்தாள். "அதுக்கா லீவு போட்டுட்டு வந்தே?" என்றவள் பாதியில் நிறுத்தினாள். வர்க்கி டீக்குள் உடைந்து விழுந்தது. "அத நான் யாருகிட்டயும் சொல்லலியே."

"சொன்னே. கடைசில. மைக்குல."

"நீ கேட்டியா?"

"இன்னைக்கிதான் கேட்டேன்." பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். முந்நூற்று எழுபத்தொன்று, முப்பதாவது வினாடி, காதுவலி, எம், நிருபமா, பத்து. எதையும் தனக்குச் சாதகமாகத் திருப்பிச் சொல்லவில்லை. "உன் கொரல்னு தெரியலடி. பெத்தவளுக்குத் தெரியல. பதினஞ்சு செகண்டு பொறுக்க முடியாம வெட்டிட்டேன். மிஷினு இல்ல, நான்தான் போட்டது."

ரூபினி டீக்குள் விழுந்த வர்க்கியை ஸ்பூனால் எடுத்து ஓரமாக வைத்தாள். வெளியே காய்கறி வண்டிக்காரன் கன்னடத்தில் ஒரு தடவையும் தமிழில் ஒரு தடவையும் கூவிக்கொண்டு போனான்.

"அது என் கொரல் இல்லியே மம்மி" என்றாள் கடைசியில். "உனக்கு எப்பிடித் தெரியும்?"

சாந்தகுமாரி அழுதாள். டீச்சராக இருந்த பதினெட்டு வருஷத்தில் பிள்ளைகள் முன்னால் அழாதவள், செருப்புக் காலோடு உட்கார்ந்து அழுதாள். ரூபினி எழுந்து வரவில்லை. அவளுக்குக் கோபம் இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். அங்கிருந்தே கேட்டாள்.

"அந்தப் பத்துல நான் எத்தினி நாளு வருவேன்?"

"இந்த மாசம் பூரா."

"தெனமும் கேக்கணுமா?"

"தெனமும். முழுசா."

"தப்பா போட்டா?"

"மூணு நாளு தப்பினா அனுப்பிடுவாங்கோ."

தண்ணீர்க் குழாய் கொஞ்ச நேரம் ஓடியது. ரூபினி அதை மூடிவிட்டு வந்து, அடுப்பில் தோசைக்கல்லை வைத்து, ஒரு துணியை நாலாக மடித்துச் சூடு பண்ணினாள். அம்மாவின் தலையைத் தன் வயிற்றோடு சாய்த்து இடது காதில் ஒத்தடம் வைத்தாள். நோயாளிக்குச் செய்வது போல, பேசாமல், சரியாகச் செய்தாள்.

"நாளைக்கி எம் போடு மம்மி" என்றாள். "நான் பாஸாவல. நீயாவது பாஸாவு."

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு சாந்தகுமாரி ஹெட்போனை மாட்டினாள். முதல் குரல் மூன்று. இரண்டாவது நாலு. மூன்றாவதில் தங்கத் தட்டு எழுந்து மறைந்தது. மூன்று வினாடி மூச்சு. சாரி. போனதே இல்லை. பரவாயில்லை. ஒருநாள் நான் அவளைக்…

பட்டன் திறந்தது. எம்மை அழுத்தினாள். திரை பச்சையானது. சரியான மதிப்பெண் என்று வந்தது.

பத்து முடிந்து அன்றைய முதல் குரல் வந்தது. யாரோ ஒரு ஆள், வடக்கே எங்கிருந்தோ, மறக்க முடியாத பயணத்தைப் பற்றித் திக்கித் திக்கிப் பேசினான். முப்பதாவது வினாடியில் பட்டன் திறந்தது. சாந்தகுமாரி கையை மடியில் வைத்துக்கொண்டு மீதியையும் கேட்டாள்.